படுக்கைப் பெட்டியில் ரொறன்ரோவுக்கு

கதவை யாரோ மெல்லத் தட்டினார்கள். திறந்தேன். வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டியும் அணிந்த உயரமான கறுப்பினத்தவர் ஒருவர் நின்றார். ஒரு கையில் மடித்த துவாய்கள். மறு கையில் சுருக்குக் கயிறு போட்ட சின்னத் துணிப்பை.

பையை என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை. வேண்டாம், நன்றி என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்.

பாங்கொக்கில் ஓர் அறைக்குள் மாதக்கணக்காக அடைபட்டுக் கிடந்த காலத்தில் ஒன்றைப் படித்திருந்தேன். வெளிநாட்டுக்கு ஆளனுப்பும் ஏஜென்சிக்காரர் சும்மா தரும் எதுவும் சும்மா இல்லை. ஒரு போத்தல் தண்ணீருக்குக்கூடப் பிறகு ஒரு கணக்கு வரும். ஆகவே எதையாவது தர நீளும் கையைக் கண்டால் என் கை தானாகவே பின்னுக்குப் போகும்.

அவர் சிரித்தார். இது அறையோடு சேர்ந்தது, அறையில் இருப்பவருக்கு உரியது என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். குளிக்கும் அறை நடைவழியின் முடிவில் இருக்கிறது, சுடுதண்ணீர் வரும் என்றார். பையை இருக்கையில் வைத்துவிட்டு அடுத்த கதவைத் தட்டப் போய்விட்டார்.

யன்னலுக்கு வெளியே மலைகள் ஓடிக்கொண்டிருந்தன. நான் அவற்றைப் பார்க்கவில்லை. பையை அவிழ்த்தேன். வழவழப்பான தாளில் சுற்றிய வட்டச் சவர்க்காரம். கட்டைவிரல் அளவுப் போத்தலில் ஷம்பூ. இன்னொன்றில் கைக்குப் பூசும் லோஷன். கடைசியாக, விளிம்பில் இழுபடும் நாடா வைத்த ஒரு பிளாஸ்ரிக் உறை. அது சாப்பாட்டுக் கோப்பையை மூடுவதற்கு என்று நினைத்தேன். தலைமயிர் நனையாமல் போடும் தொப்பி என்று அறிய எனக்குப் பல வாரங்கள் எடுத்தன.

சவர்க்காரத்தை மூக்கடியில் பிடித்தேன். தோடம்பழத் தோலைக் கிள்ளினால் வருகிற வாசம்.

பனங்காய் நுரை

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். ஒரு சவர்க்காரக் கட்டியை வைத்துக்கொண்டு ஒரு பெண் ஏன் இவ்வளவு நேரம் இருந்தாள் என்று இப்போதைய பிள்ளைகளுக்கு விளங்காது.

நான் புறப்பட்ட யாழ்ப்பாணத்துக்குள் சவர்க்காரம் வரக்கூடாது. போர்க்காலத்தில் அரசாங்கம் போட்ட பொருளாதாரத் தடையில் அதுவும் ஒன்று. கடத்திக்கொண்டு வந்த கட்டியை நூலால் அறுத்துத் துண்டாக விற்பார்கள். உடுப்புத் தோய்க்கப் பனங்காயைப் பிசைந்தோம். நுரை வரும், ஊத்தையும் போகும். ஆனால் காய்ந்த பிறகும் அந்தப் புளித்த வாசம் போகாது. வகுப்பில் நாற்பது பிள்ளைகளும் அதே வாசத்தோடு இருப்பார்கள். படிப்பித்த நானும்தான்.

ரயிலும் எங்களுக்கு அப்போது இல்லை. தண்டவாளத்தைக் கிளப்பிப் பதுங்குகுழிக்குக் கூரை போட்டிருந்தார்கள். அதற்கு முந்திய காலத்தில், கொழும்பில் கிளாக்கராக இருந்த ஐயா இரவு மெயிலில்தான் வந்துபோவார். ஒருமுறை கந்தோர் பெரியவரோடு முதலாம் வகுப்புப் படுக்கையில் வந்திருக்கிறார். அதை ஒரு வருடம் முழுக்கச் சொன்னார். அறைக்குள்ளேயே கைகழுவும் கிண்ணம், அதற்கு மேலே கண்ணாடி. சவர்க்காரம் மட்டும் வீட்டிலிருந்துதான் கொண்டுபோக வேண்டுமாம்.

கிளாலிக் கடலைக் கடந்து, கொழும்பில் பதுங்கி, பாங்கொக்கில் காத்திருந்து, கடைசியில் நான் வந்திறங்கியது வன்கூவரில். என்னை அனுப்பியது பாரிஸில் இருந்த அண்ணை. எனக்காகக் காத்திருந்தவரோ ரொறன்ரோவில். கனடாவின் ஒரு கரையில் இறங்கியவள் மறு பக்கத்துக்குப் போகவேண்டும். விமானத்தில் ஏறக் காட்டுவதற்கு என் படம் ஒட்டிய எதுவும் என்னிடம் இல்லை. கடவுச்சீட்டை ஏஜென்சிக்காரர் வாங்கிக்கொண்டு மறைந்துவிட்டார்.

ஆகவேதான் ரயில்.

றெயில்வே ஒபிசர்

காத்திருந்தவரின் பெயர் லிங்கம். எனக்குப் பேசிய மாப்பிள்ளை. படத்தில்தான் பார்த்திருந்தேன். பேசியது அவருடைய மாமி பூமணி அன்ரி, ரொறன்ரோவின் மல்வேர்ன் பகுதியில் இருந்தவர். பொடியன் கனடா றெயில்வேயில ஒபிசர் என்று கடிதத்தில் அம்மாவுக்கு எழுதியிருந்தார். அம்மா அதை ஊர் முழுக்கச் சொன்னார். ஐயா உயிரோடு இருந்திருந்தால் முதலாம் வகுப்புப் படுக்கைக் கதையை விட்டுவிட்டு இதைச் சொல்லியிருப்பார்.

லிங்கம் என்னைக் கூட்டிப்போக வன்கூவருக்கு வந்தார். படத்தில் இருந்ததைவிட மெலிவு. கொஞ்சம் கூச்சம். றெயில்வேயில் வேலைசெய்பவர்களுக்கான சலுகையில் எனக்கு ஒரு தனி அறை எடுத்திருந்தார். தனக்கு, முன்னால் இருக்கும் சாதாரணப் பெட்டியில் இருக்கை. "நீங்கள் கதவைப் பூட்டிக்கொண்டு படுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒபிசருக்கு ஏன் அறை இல்லை என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. மரியாதைக்காக விலகி இருக்கிறார் என்றே நினைத்தேன்.

அந்த அறையை ஒரு அலுமாரி என்றே சொல்லலாம். பகலில் ஓர் இருக்கை. இரவில் சுவரிலிருந்து கட்டில் இறங்கும். எதிரே பஞ்சு வைத்த சின்னப் பீடம் ஒன்று. முதல்நாள் முழுக்க அதன்மேல் காலை நீட்டிக்கொண்டு இராணி மாதிரி வந்தேன். அதுதான் கழிப்பறையின் மூடி என்று இரண்டாம் நாள்தான் கண்டுபிடித்தேன். யாரிடமும் கேட்க வெட்கப்பட்டு, பெட்டி பெட்டியாக நடந்து வேறு கழிப்பறை தேடிய கதையை என் மகள் இன்றைக்கும் விருந்தாளிகளுக்குச் சொல்கிறாள்.

சரி, பைக்கு வருகிறேன்.

குளித்தேன். ரயில் வளைவில் சாய, சுடுதண்ணீர் ஒரு தோளிலிருந்து மறு தோளுக்குத் தாவியது. போத்தல் ஷம்பூ முழுவதையும் தலையில் ஊற்றினேன். மாதக்கணக்கான அழுக்கு காலடியில் சாம்பல் நிறமாகப் போனது. அழவில்லை. பாடினேன் என்றுதான் நினைக்கிறேன். வெளியே வந்தபோது துவாய் அடுக்கிக்கொண்டிருந்த அந்தப் பெட்டிப் பணியாளர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். தன் பெயர் கிளாரன்ஸ் என்றார்.

சவர்க்காரம் நல்லதா என்று கேட்டார். மிக நல்லது என்றேன்.

உன்னுடைய ஆளுக்குத்தான் நன்றி சொல்லவேண்டும் என்றார் அவர். ரயில்களை நிறுத்திக் கழுவும் ரொறன்ரோ யார்ட்டில் பைகளைப் பெட்டி பெட்டியாக ஏற்றி வைப்பது லிங்கம்தான். படுக்கை விரிப்பதிலும் கழிப்பறை கழுவுவதிலும் அவனைப் போல ஒருவன் இல்லை. அவன் துப்புரவாக்கிய பெட்டி என்றால் எங்களுக்கு நிம்மதி.

கிளாரன்ஸ் புகழ்ந்துதான் சொன்னார். எனக்குக் கேட்டதோ, ஒபிசர் என்பது பொய் என்பதுதான்.

கிளாரன்ஸின் தகப்பன்

கிளாரன்ஸைப் பற்றி இங்கே சொல்லாவிட்டால் பிறகு இடம் கிடைக்காது. இதெல்லாம் பிற்காலத்தில் அவரோடு ஒரே இடத்தில் வேலைசெய்தபோது கேட்டவை.

அவருடைய தகப்பனும் படுக்கைப் பெட்டிப் பணியாளர். பணக்காரர்கள் விமானத்தை அறியாத காலம். மகோகனிப் பலகையும் வெல்வெட் திரையும் பித்தளை விளக்கும் வைத்த பெட்டிகள். பயணி எழும்பும் முன்னர் சப்பாத்து மினுங்க வேண்டும். கிண்ணத்தடியில் புதிய சவர்க்காரமும், கஞ்சி போட்ட துவாயும், சீப்பும், வாசனைத் தண்ணீரும் வரிசையாக இருக்கவேண்டும். அந்த வேலைக்குக் கறுப்பின ஆண்களைத்தான் எடுப்பார்கள். பெயரைக் கேட்கமாட்டார்கள். எல்லாரையும் ஒரே பெயரால் கூப்பிடுவார்கள். பணியாளருக்குப் படுக்கை இல்லை. புகைபிடிக்கும் அறையின் வாங்குப் பலகையில் ஒரு கண்ணை மூடுவதுதான்.

அந்தச் சம்பளத்தில் அவர் ஐந்து பிள்ளைகளைப் படிப்பித்தார். சங்கம் சேர்த்துத் தங்கள் பெயரைச் சட்டையில் குத்தும் உரிமையை வாங்கினார்கள் என்று கிளாரன்ஸ் சொல்வார். சொல்லும்போது தன் நெஞ்சில் இருந்த பெயர்த் தகட்டைத் தொடுவார்.

நான் ஏறிய பெட்டி அந்த மகோகனிக் காலத்தது அல்ல. அதன் கடைசிப் பிள்ளை. ஐம்பதுகளில் செய்த உருக்குப் பெட்டி. அப்போதுதான் திருத்திக் குளியலறை வைத்திருந்தார்கள். பெரிய மனிதர்கள் எல்லாரும் விமானத்துக்குப் போய்விட்ட பிறகு, அந்தச் சொகுசின் மிச்சத்தில் ஓர் அகதி வந்துகொண்டிருந்தாள்.

கண்ணாடிக் கூரையின் கீழ்

ரயிலில் மாடி வைத்த ஒரு பெட்டி உண்டு. மேலே கூரை முழுக்கக் கண்ணாடி. அன்று பின்னேரம் லிங்கத்தை அங்கே வரச்சொன்னேன். மலை முடிந்து தட்டையான கோதுமை நிலம் தொடங்கியிருந்தது. பக்கத்தில் ஒரு வயோதிபத் தம்பதி சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

"உங்களை ஒபிசர் எண்டு அன்ரி சொன்னது உங்களுக்குத் தெரியுமோ?" என்று கேட்டேன்.

அவர் உடனே பதில் சொன்னார். "தெரியும்."

"நீங்கள் என்ன வேலை?"

"றெயில் வந்து நிண்டாப் பிறகு ஏறிப் படுக்கை மாத்திறது, கக்கூசு கழுவுறது, சவுக்காரப் பை வைக்கிறது. அதுதான்."

ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்றேன். சொன்னால் நான் சம்மதிக்கமாட்டேன் என்று முதலில் பயந்தாராம். பிறகு நான் புறப்பட்டுவிட்டேன். "நடுவழியில நிக்கிற ஆளுக்கு இதை எப்பிடிச் சொல்லுறது?" என்று என்னையே கேட்டார்.

கழிப்பறை கழுவுவது எனக்கு ஒரு குறையாகப் படவில்லை. பாங்கொக்கில் பன்னிரண்டு பேருக்கு ஒன்றாக இருந்ததை நான்தான் கழுவினேன். என்னைக் கொதிக்க வைத்தது வேறு. ஒரு பெண்ணைக் கடல் கடந்து கூப்பிடுகிறீர்கள். அவளுக்குக் கனடாவில் வேறு யாரும் இல்லை என்றும் தெரியும். உண்மையைக்கூட முன்னால் வைக்காவிட்டால் அவள் எதை வைத்து ஓம் என்று சம்மதிக்கிறாள்? இதைத்தான் அவரிடம் சொன்னேன். குரலை உயர்த்தவில்லை. சீட்டு விளையாடியவர்கள் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

லிங்கம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "நீங்கள் வேண்டாமெண்டால் வேண்டாம்தான். ஆனா உங்களை அந்தரிக்க விடமாட்டன். அதை மட்டும் நம்புங்கோ."

நம்புகிறேன் என்று நான் சொல்லவில்லை. யோசிக்க வேண்டும் என்றேன். அதற்குப் பிறகு அவர் என் பெட்டிப் பக்கம் வரவில்லை. சாப்பாட்டு வேளையில் கிளாரன்ஸ்தான் வந்து, அவன் சாப்பிட்டானா என்று நீயாவது கேட்டாயா என்று என்னைக் கேட்டார். நான் கேட்கவில்லை.

வினிபெக்கில் ரயில் நெடுநேரம் நின்றது. யன்னலால் பார்த்தேன். லிங்கம் மேடையில் வேகமாக நடந்து தொலைபேசிப் பெட்டியடிக்குப் போனார். நிறைய நேரம் பேசினார். மாமியிடம் முறையிடுகிறார் என்று நினைத்தேன். எனக்குள் ஒரு கதவு சாத்திக்கொண்டது.

அதன் பிறகு காடு. பாறை, தண்ணீர், ஊசியிலை மரம், மறுபடி பாறை. ஒன்ராறியோ முடியவே முடியாது போலிருந்தது. அந்தக் காட்டுக்குள் ஒன்றைத் தீர்மானித்தேன்: யாருடைய அவசரத்துக்காகவும் நான் தாலி கட்டிக்கொள்ளப் போவதில்லை.

யூனியன் ஸ்ரேஷன்

கோடைகாலம். நாங்கள் இறங்கியபோது வெயில் இன்னும் போகவில்லை. ஆனால் யூனியன் ஸ்ரேஷனின் அந்தப் பெரிய மண்டபத்துக்குள் வெளிச்சம் உயரத்து யன்னல்களோடு நின்றுவிட்டது. கீழே பூமணி அன்ரி பட்டுச் சேலையில் நின்றார். கூடவே சொந்தக்காரர் சிலர். ஒருவர் கையில் மாலை, இன்னொருவர் கையில் தேநீர்ப் போத்தல்.

அன்ரி என்னைக் கட்டியணைத்தார். வாசனை மாவும் மல்லிகையும் மணந்தன. கலியாண மண்டபம் எடுத்தாயிற்று, ஐயருக்குச் சொல்லியாயிற்று, இரண்டு வாரத்தில் நாள் என்று ஒரே மூச்சில் சொன்னார். நல்ல மனுசி. வந்தவர்கள் எல்லாருக்கும் வீடு திறந்து வைத்திருந்தவர். தன் மருமகனுக்கு ஒரு குடும்பம் அமையவேண்டும் என்ற ஆசையில் ஒரு சொல்லை வளைத்துவிட்டார். அன்றைக்கு எனக்கு இவ்வளவு பெருந்தன்மை இல்லை.

"அன்ரி, நான் ஒரு ஒபிசரைக் கட்டத்தான் ஓமெண்டனான். அப்பிடி ஒருத்தர் இந்த றெயில்ல வரேல்லை."

மாலை வைத்திருந்தவர் அதை மெதுவாகக் கீழே இறக்கினார். அன்ரியின் முகம் கறுத்தது. லிங்கத்தைப் பார்த்தார்.

"இவரை எனக்கு இப்பதான் தெரியும்," என்றேன். "இன்னும் கொஞ்சம் தெரியட்டும்."

சனம் என்ன கதைக்கும் என்றார் அன்ரி. பிறகு, இவளை இனி எங்கே கொண்டுபோய் வைப்பது என்றார். நியாயமான கேள்வி. குடிவரவுக் காரியாலயத்தில் நான் கொடுத்திருந்தது மல்வேர்ன் வீட்டு முகவரிதான். இரண்டு வசனம் பேசிவிட்டு, ஒரு பிளாஸ்ரிக் பையோடு அந்தப் பளிங்குத் தரையில் நின்றுகொண்டிருந்தேன்.

அப்போதுதான் தூணடியில் நின்ற ஒரு பெண் முன்னுக்கு வந்தார். வேலை உடுப்பு, கழுத்தில் சிலுவை, நாற்பது வயதிருக்கும். "நான் மெற்றில்டா, மன்னார்," என்றார். "லிங்கத்தோட வேலை செய்யிறனான். சென் ஜேம்ஸ் ரவுணில என்ர வீட்டில ஒரு அறை இருக்கு. லிங்கம் வினிபெக்கில நிண்டு ரெலிபோன் அடிச்சுச் சொன்னவர், நீங்கள் தனிய இருக்க விரும்பக்கூடும் எண்டு."

நான் லிங்கத்தைத் திரும்பிப் பார்த்தேன். அவர் என் பையை வாங்கி மெற்றில்டா அக்காவிடம் கொடுத்தார். பிறகு மாமியைக் கூட்டிக்கொண்டு வாசல் பக்கம் நடந்தார்.

பை கட்டும் மேசை

சென் ஜேம்ஸ் ரவுண் தொடர்மாடி ஒன்றின் பதினெட்டாம் மாடியில் என் கனடா தொடங்கியது. மின்தூக்கி பாதி நாள் வேலைசெய்யாது. நடைவழியில் எல்லா நாட்டுக் குழம்பும் மணக்கும். வேலை அனுமதி கிடைத்ததும் மெற்றில்டா அக்கா என்னை யார்ட்டுக்குக் கூட்டிப்போனார். சுரங்க ரயில், பிறகு பஸ், பிறகு காற்றுக்குள் நடை.

எனக்குத் தந்த வேலை பை கட்டுவது. நீண்ட மேசை. ஒரு பெட்டி சவர்க்காரம், ஒரு பெட்டி ஷம்பூ, ஒரு பெட்டி லோஷன், ஒரு பெட்டி தொப்பி. ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுச் சுருக்குக் கயிற்றை இழுக்க வேண்டும். பின்னேரத்துக்குள் கை முழுக்கத் தோடம்பழம் மணக்கும். பனிக்காலத்தில் வெளியே நிற்கும் பெட்டிகளில் வைத்தால் ஷம்பூ உறைந்து போத்தல் வெடிக்கும். ஆகவே சூடு ஏற்றிய பிறகே பைகளைத் தள்ளிக்கொண்டு ஓடுவோம். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. சும்மா தருகிற பொருளைக் கட்டும் இடத்தில் நின்றேன். வாங்கப் பயந்து பின்னுக்குப் போகும் கைகள் எத்தனையோ பெட்டிகளில் இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

லிங்கம் அதே யார்ட்டில்தான். மதியச் சாப்பாட்டை மூவரும் ஒன்றாகச் சாப்பிடுவோம். கலியாணப் பேச்சை அவர் எடுக்கவேயில்லை. எப்போதோ 'நீங்கள்' என்பது 'நீர்' ஆகியிருந்தது. எந்த நாளில் என்று கேட்டால் இருவருக்கும் தெரியாது. பூமணி அன்ரி என்னோடு பேசுவதில்லை. கோவிலில் கண்டால் கும்பிடுவதற்கு மறு பக்கம் திரும்பிவிடுவார்.

அடுத்த வசந்தத்தில் என் அகதி விசாரணை வந்தது. திருப்பி அனுப்பப்பட்டவர்களின் கதைகளைக் கேட்டு இரண்டு வாரம் நித்திரை இல்லை. மெற்றில்டா அக்காவுக்கு லீவு கிடைக்கவில்லை. லிங்கம் வந்தார். உள்ளே என்னை விசாரித்த நேரம் முழுக்க வெளியே வாங்கில் இருந்தார்.

நடுவில் ஓர் இடைவேளை விட்டார்கள். மொழிபெயர்ப்பாளர் வெளியே வந்து, என் பக்கத்தில் நின்றவரைப் பார்த்து, கணவரா என்று கேட்டார். லிங்கம் ஓம் என்று சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில் ஒரு ஆண்துணை இருப்பது எனக்கும் தைரியம்தான். யாரும் குற்றம் சொல்லியிருக்கமாட்டார்கள்.

"இல்லை," என்றார் லிங்கம். "அவ இன்னும் ஓமெண்டு சொல்லேல்லை."

நான் மறுபடியும் உள்ளே போனேன். கேட்டவற்றுக்கெல்லாம் நேராகப் பதில் சொன்னேன். அன்றே முடிவைச் சொன்னார்கள்: ஏற்றுக்கொண்டோம்.

வெளியே வந்து, படிக்கட்டில் நின்று, லிங்கத்திடம் இரண்டு செய்திகளைச் சொன்னேன். ஒன்று விசாரணையைப் பற்றியது. மற்றது அவரைப் பற்றியது. அவர் படியில் இருந்துவிட்டார். எழும்ப நேரம் எடுத்தது.

மல்வேர்னுக்குப் போன ஞாயிற்றுக்கிழமை

இதற்குமேல் முறையாகச் செய்யவேண்டும் என்றேன். என் பக்கத்தில் பெரியவர்கள் கனடாவில் இல்லை. ஆகவே நானே போனேன், மெற்றில்டா அக்காவோடு. தட்டில் வாழைப்பழம், வெற்றிலை, கற்கண்டு. அக்கா தன் பங்குக்கு ஒரு கேக்கும் எடுத்திருந்தார். பஸ்ஸில் கேக்கை மடியில் வைத்துக்கொண்டு மல்வேர்ன் வரைக்கும் போனோம். நாங்கள் இருவரும் லீவு எடுத்திருந்தோம்; லிங்கத்துக்கு அன்று வேலை. வராதீர் என்று நான்தான் சொன்னேன்.

பூமணி அன்ரி கதவைத் திறந்தார். தட்டைப் பார்த்தார். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை, ஆனால் வழியை விட்டார். இருந்தோம்.

"உங்கட மருமகனை எனக்குக் கேட்டு வந்திருக்கிறம், அன்ரி," என்றேன்.

அன்ரி சேலைத் தலைப்பைச் சரிசெய்தார். பிறகு, மாப்பிள்ளை வீட்டார் கேட்கும் அதே தோரணையில், நிமிர்ந்து இருந்து கேட்டார்:

"பொம்பிளை என்ன வேலை?"

"றெயிலுக்குச் சவுக்காரப் பை கட்டுறவ."

"ஒபிசர் இல்லையோ?"

"இல்லை."

மெற்றில்டா அக்கா கேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். அன்ரியின் வாய் ஒரு பக்கம் கோணியது. அழப்போகிறார் என்று நினைத்தேன். சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். தட்டை இரண்டு கையாலும் வாங்கி மேசையில் வைத்தார்.

"அப்ப நாள் பாக்கட்டே? வாற மாசம் முதல் ஞாயிறு நல்ல நாள் ஒண்டு இருக்கு."

"ஞாயிற்றுக்கிழமை வன்கூவர் வண்டி வெளிக்கிடுற நாள்," என்றேன். "லீவு கேட்டிட்டுச் சொல்லுறன், அன்ரி."